விம் எடிட்டரில் வெட்டியது ஒன்று, ஒட்டும்போது வருவது வேறொன்று: இதற்கு விதி உண்டா?

நீவாடு (தொண்டி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள கடலோர ஊர்களில் மீனவர்கள் புழங்கும் சொற்களை ஊர்வாரியாகத் தொகுத்து, சாதாரண உரைக்கோப்பாகத் தட்டச்சு செய்து வருகிறேன். பழைய மடிக்கணினி, லினக்ஸ், எடிட்டர் விம். காற்று, நீரோட்டம், வலை, மீன், படகு என்று தலைப்புகள் பிரித்து, ஒவ்வொன்றின்கீழும் வரிக்கு ஒரு சொல்லாக, சொல், ஊர், பொருள் என மூன்றையும் டேப் விட்டு எழுதுகிறேன். சொற்கள் சேரச் சேர, ஒரு தலைப்பில் இருக்கும் வரியை இன்னொரு தலைப்புக்கு மாற்ற வேண்டி வருவதால், தட்டச்சு செய்வதைவிட வெட்டி ஒட்டும் வேலையே இப்போது அதிகமாகிவிட்டது.

என் ஐயம் இதுதான். நீரோட்டம் என்ற தலைப்பின்கீழ், சோநீவாடு என்ற சொல்லுக்கு அடுத்து, சோழகம் என்ற வரி இருந்தது. அது காற்றின் பெயர் என்பதால் 'டிடி' கொடுத்து அந்த வரியை வெட்டினேன். காற்று என்ற தலைப்புக்கு வந்தபோது அங்கே தேவையில்லாத வெற்று வரி ஒன்று கிடந்தது; அதையும் 'டிடி' கொடுத்து நீக்கிவிட்டு, கச்சான் என்ற வரியின்மேல் நின்று 'பி' கொடுத்தேன். சோழகம் வரவில்லை, நீக்கிய அந்த வெற்று வரியே மறுபடியும் வந்து உட்கார்ந்தது. நோட்பேடில் வெட்டியதை ஒட்டும்வரை இடையில் எதை அழித்தாலும், வெட்டியது அப்படியே கிளிப்போர்டில் இருக்கும். இங்கே ஏன் இருப்பதில்லை?

இரண்டாவது, ஒட்டும் இடம். சில வேளைகளில் 'பி' கொடுத்தால் அடுத்த வரியாக வருகிறது. சில வேளைகளில் நான் நிற்கும் வரியின் நடுவிலேயே நுழைந்துவிடுகிறது. ஒரே ஆணை இரண்டு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் என்னவென்று தெரிய வேண்டும்.

மூன்றாவது, மீன் பெயர்கள் நிறைய சேர்ந்துவிட்டதால், அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி, கோப்பைச் சேமித்து மூடிவிட்டு, புதிய கோப்பைத் திறந்து ஒட்டினேன். நெத்திலி, சூடை, காரல் என்று தொடக்கத்தில் இருந்தவை வந்தன. பின்பாதி வரவே இல்லை. பழைய கோப்பின் நகல் தனியே இருந்ததால் இழப்பு எதுவுமில்லை. ஆனாலும் பாதி மட்டும் வருவதற்குக் காரணம் பிடிபடவில்லை. விம்மில் நகலெடுத்தது லிப்ரே ஆபிசில் ஒட்டுப்படுவதும் இல்லை.

குறுக்குவழிகளின் பட்டியலைவிட, இவற்றுக்கெல்லாம் பின்னால் இருக்கும் விதியை யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். ஆணைகளைத் தமிழெழுத்திலேயே குறித்திருக்கிறேன். 'பி' என்பது பேஸ்ட்டுக்கு உரிய எழுத்து, 'டி' என்பது டெலிட்டுக்கு உரியது.


சேதுக்கரையான் (கீழக்கரை) எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் எடிட்டரில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் கண்டது முழுவதும் விதிப்படி நடந்ததுதான். அந்த விதி நோட்பேடின் விதியிலிருந்து வேறுபட்டது.

நோட்பேடு போன்ற எடிட்டர்களில் அழிப்பது வேறு, வெட்டுவது வேறு. டெலிட் விசையோ பேக்ஸ்பேஸ் விசையோ கிளிப்போர்டைத் தொடுவதில்லை. கண்ட்ரோல் எக்ஸ் மட்டுமே தொடும். விம்மில் இந்தப் பிரிவினை கிடையாது. நார்மல் மோடில், அதாவது தட்டும் விசைகள் எழுத்தாக விழாமல் ஆணைகளாக நடக்கும் நிலையில், எதை நீக்கினாலும் அது வெட்டியதாகவே கருதப்படும். ஒரேயொரு எழுத்தை நீக்கும் 'எக்ஸ்', சொல்லை நீக்கும் 'டிடபிள்யூ', வரியை நீக்கும் 'டிடி', நீக்கிவிட்டு மாற்றி எழுத விடும் 'சி' ஆகிய எல்லாமே, நீக்கியதை எங்கோ ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் போகின்றன. அந்த இடத்துக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். நீங்கள் வெற்று வரியை நீக்கியபோது, அதையும் வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னதாகவே விம் எடுத்துக்கொண்டது. வெறும் 'பி' என்பது கடைசியாக வெட்டியதையோ நகலெடுத்ததையோ ஒட்டும் ஆணை. ஆகவே வெற்று வரி வந்தது.

ஆனால் சோழகம் எங்கும் போய்விடவில்லை. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வரியோ அதற்கு மேலோ வெட்டும்போது, அது 1 என்ற எண்ணுள்ள ரெஜிஸ்டருக்குப் போகும். அடுத்து இன்னொரு வரியை வெட்டினால், 1இல் இருந்தது 2க்கு நகர்ந்து, புதியது 1இல் அமரும். இப்படியே 9 வரை நகரும். 9ஐத் தாண்டியது மறைந்துவிடும். நீங்கள் சோழகத்தை வெட்டியபோது அது 1இல் இருந்தது. வெற்று வரியை வெட்டியதும் 2க்குப் போனது. அந்த நேரத்தில் இரட்டை மேற்கோள் குறி, 2, பி என்று மூன்று விசைகளையும் வரிசையாக அழுத்தியிருந்தால், சோழகம் கச்சானுக்குக் கீழே வந்திருக்கும். எந்த எண்ணில் இருக்கிறது என்பது நினைவில்லையென்றால், முதலில் 1ஐ ஒட்டிப் பாருங்கள். அதுவன்று என்றால் 'யூ' கொடுத்து அதைத் திரும்பப் பெற்றுவிட்டு, ஒரு புள்ளியை அழுத்துங்கள். புள்ளி முந்தைய ஆணையைத் திரும்பச் செய்வதோடு, இந்த இடத்தில் ரெஜிஸ்டரின் எண்ணையும் ஒன்று கூட்டிக்கொள்ளும். வேண்டியது வரும்வரை யூ, புள்ளி, யூ, புள்ளி என்று போய்க்கொண்டே இருக்கலாம். இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவர்கள், நம்மைப் போல் வரிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

ஒரு வரிக்குக் குறைவாக வெட்டியது, அதாவது ஒரு சொல்லோ ஓரிரு எழுத்தோ, பெரும்பாலும் இந்த எண் வரிசைக்குள் வராது. சிறு கோட்டுக் குறியைப் பெயராகக் கொண்ட தனி ரெஜிஸ்டருக்குப் போகும். ஆகவே ஒரு வரியை வெட்டிவிட்டு, வழியில் ஒரு முற்றுப்புள்ளியை 'எக்ஸ்' கொடுத்து நீக்கினீர்கள் என்றால், வெறும் 'பி' அந்த முற்றுப்புள்ளியைத்தான் ஒட்டும். வரியோ 1இல் பத்திரமாக இருக்கும். 'ஒய்ஒய்' கொடுத்து நகலெடுத்தது 0 என்ற ரெஜிஸ்டரில் இருக்கும். பெயர் சொல்லாமல் மறுபடி வேறொன்றை நகலெடுக்கும்வரை, இடையில் எத்தனை வரிகளை வெட்டினாலும் 0 மாறாது. நம்புதாளை என்ற ஊர்ப்பெயரைப் பல வரிகளில் திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டும் என்று வையுங்கள்: ஒருமுறை நகலெடுத்துக்கொண்டு, ஒவ்வோரிடத்திலும் இரட்டை மேற்கோள், 0, பி என்று ஒட்டினால், நடுவில் எதை அழித்தாலும் நம்புதாளையே வரும்.

வெட்டும்போதே பெயர் சொல்லி வைப்பது இன்னும் உறுதியான வழி. ஆங்கிலச் சிற்றெழுத்து 26க்கும் ஆளுக்கொரு ரெஜிஸ்டர் உண்டு. இரட்டை மேற்கோள், சிறிய ஏ, டிடி என்று கொடுத்தால் வரி ஏயில் இருக்கும். பிறகு இரட்டை மேற்கோள், சிறிய ஏ, பி. உங்கள் வேலைக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சிறிய ஏக்குப் பதிலாகப் பெரிய ஏயைச் சொல்லி வெட்டினால், ஏற்கெனவே அதில் இருப்பது அழியாமல், புதிய வரி அதன் கடைசியில் சேரும். வாடை ஒரு தலைப்பிலும், கொண்டல் இன்னொரு தலைப்பிலும், கச்சான் மற்றொன்றிலும் சிதறிக் கிடந்தால், முதல் வரியைச் சிறிய ஏயில் வெட்டி, மற்றவற்றைப் பெரிய ஏயில் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் காற்று என்ற தலைப்பில் ஒரேயடியாக ஒட்டிவிடலாம்.

உண்மையாகவே எங்கும் வைக்காமல் அழிக்க வேண்டுமென்றால், அடிக்கோட்டைப் பெயராகக் கொண்ட ரெஜிஸ்டரைச் சொல்லுங்கள். இரட்டை மேற்கோள், அடிக்கோடு, டிடி. அதில் போட்டது எதுவும் தங்காது. மற்ற ரெஜிஸ்டர்களும் அசையாது. அந்த வெற்று வரிக்கு உரிய இடம் அதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வெட்டிய எழுத்துகளோடு சேர்த்து, அவை எந்த வடிவில் வெட்டப்பட்டன என்பதையும் விம் நினைவில் வைக்கிறது. வரியாக வெட்டியது வரியாகவே ஒட்டப்படும்; கர்சர் வரியின் எந்த எழுத்தில் நின்றாலும், சிறிய 'பி' அதற்குக் கீழே புது வரியாகவும், பெரிய 'பி' மேலே புது வரியாகவும் வைக்கும். எழுத்துகளாக வெட்டியது எழுத்துகளாகவே ஒட்டப்படும். சிறிய 'பி' கர்சருக்குப் பின்னும், பெரிய 'பி' கர்சருக்கு முன்னும் வைக்கும். ஆகவே ஒட்டப்படும் இடம் வெட்டும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. இதனால்தான் 'டிடி' கொடுத்து உடனே 'பி' கொடுத்தால் இரண்டு வரிகள் இடம் மாறுகின்றன. 'எக்ஸ்' கொடுத்து உடனே 'பி' கொடுத்தால் இரண்டு எழுத்துகள் இடம் மாறுகின்றன. ஒரு வரியில் உள்ளதை இன்னொரு வரியின் நடுவில் வைக்க வேண்டுமென்றால், 'டிடி' வேண்டாம். வரியின் தொடக்கத்துக்குப் போய்ப் பெரிய 'டி' கொடுங்கள். அது வரி முடிவுக் குறியை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எடுக்கும்.

முக்காற்புள்ளிக்குப் பின் 'ரெஜ்' என்று தட்டினால், எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்பதைப் பட்டியலாகக் காட்டும். புதிய பதிப்புகளில் அது வரியா, எழுத்தா என்பதும் பக்கத்திலேயே இருக்கும். ஒருநாள் முழுக்க, வெட்டும் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பாருங்கள். நான் இவ்வளவு எழுதியதைவிட அது தெளிவாகச் சொல்லும்.


தூக்குப்பாலம் (ராமேஸ்வரம்) எழுதியது:

கீழக்கரை நண்பர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆயினும் ஒரு வரியை ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு நகர்த்துவதற்கு, ரெஜிஸ்டரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் சுமை தேவையில்லை என்பது என் கருத்து. விம்மில் நகர்த்துவதற்கென்றே தனி ஆணை இருக்கிறது. 'செட் நம்பர்' கொடுத்து வரி எண்களைத் தெரிய வைத்துக்கொள்ளுங்கள். சோழகம் 57ஆவது வரியிலும், கச்சான் 12ஆவது வரியிலும் இருப்பதாக வைத்தால், முக்காற்புள்ளி, 57, எம், 12 என்று தட்டி என்டர் கொடுத்தால் போதும்; 57ஆவது வரி 12க்கு அடியில் வந்துவிடும். இந்த ஆணை எந்த ரெஜிஸ்டரையும் தொடுவதில்லை. நீங்கள் ஏற்கெனவே வெட்டி வைத்தது ஏதாவது இருந்தால் அது அப்படியே இருக்கும். 'எம்' இருக்கும் இடத்தில் 'டி' என்ற எழுத்தை, அதாவது டேப் என்ற சொல்லின் முதலெழுத்தை இட்டால், நகர்த்துவதற்குப் பதிலாக நகல் எடுத்து வைக்கும்.

இதையே பெரிய அளவிலும் செய்யலாம். முக்காற்புள்ளி, ஜி, சாய்கோடு, காற்று, சாய்கோடு, எம், டாலர் குறி என்று கொடுத்தால், காற்று என்ற சொல் வரும் வரிகள் எல்லாம், இருந்த வரிசை மாறாமல், கோப்பின் கடைசிக்குப் போய்ச் சேரும். உங்கள் கோப்பில் பொருள் விளக்கத்தில் காற்று என்ற சொல் வரும் என்பதால் இது நன்றாகவே பயன்படும். ஆனால் பாய் விரிப்பது பற்றிய சொற்களின் விளக்கத்திலும் காற்று என்று வரக்கூடும் என்பதால், போய்ச் சேர்ந்தவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். வேண்டாமென்றால் ஒரே ஒரு 'யூ' எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

எடிட்டருக்கு எடிட்டர் இந்த நடத்தை ஏன் மாறுகிறது என்பதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. இன்று எல்லோரும் அறிந்த கட், காப்பி, பேஸ்ட் முறை 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில், ஜிப்சி என்ற எடிட்டருக்காக லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் வகுத்தது. மவுஸால் தேர்ந்தெடுப்பது, பிறகு வெட்டுவது என்ற வரிசை அது. 1980களில் ஆப்பிளின் லிசா, மெக்கின்டாஷ் கணினிகள் வழியாகப் பரவி, அடுத்தடுத்து இருக்கும் இசட், எக்ஸ், சி, வி விசைகளில் நிலைபெற்றது. விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரை பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கியபோது, அவர் முன்னால் இருந்தது மவுஸ் இல்லாத முனையம். தேர்ந்தெடுத்துக் காட்ட வழியில்லாத இடத்தில், நீக்கும் ஆணையே வெட்டும் ஆணையாகவும் இருப்பதுதான் சிக்கனம். பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம்மும் அந்த மரபையே தொடர்ந்தது.

ஈமேக்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே கண்ட்ரோல் டி ஓர் எழுத்தை அழித்தால் அது எங்கும் சேர்வதில்லை. கண்ட்ரோல் கே ஒரு வரியின் மிச்சத்தை எடுத்தால் அது கில் ரிங் என்னும் சேமிப்பில் சேரும். முன்பு 60 துண்டுகள் வரை வைத்திருந்த அந்தச் சேமிப்பு, ஈமேக்ஸ் 29 முதல் 120 வரை வைத்திருக்கிறது. இடையில் வேறெதுவும் செய்யாமல் அடுத்தடுத்துக் கண்ட்ரோல் கே கொடுத்தால், எடுத்தவை எல்லாம் ஒரே துண்டாகச் சேரும். நேனோவிலும் அப்படியே: கண்ட்ரோல் கே தொடர்ந்து அழுத்தினால் வரிகள் ஒன்றாகச் சேர்ந்து, கண்ட்ரோல் யூ கொடுக்கும்போது மொத்தமாக வரும், நடுவில் கர்சரை நகர்த்திவிட்டு வெட்டினால் பழையது போய்ப் புதியது மட்டும் நிற்கும். விஷுவல் ஸ்டூடியோ கோடில் எதையும் தேர்ந்தெடுக்காமல் கண்ட்ரோல் எக்ஸ் கொடுத்தால் முழு வரியும் வெட்டுப்படும். அதை ஒட்டினால், நிற்கும் வரிக்கு மேலே முழு வரியாக வரும். விம்முக்கு மட்டுமே உரியது என்று நீங்கள் நினைத்த வரி வடிவ நினைவு அங்கேயும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள்களில் இன்னொரு முறை: கண்ட்ரோல் எக்ஸ் கொடுத்தவுடன் எதுவும் போவதில்லை, ஒட்டிய பிறகுதான் பழைய இடம் காலியாகும். ஆகவே ஓரிடத்தில் பழகிய கையோடு இன்னோரிடத்துக்குப் போகும்போது, முதலில் ஒரு வெற்றுக் கோப்பில் இரண்டு வரி எழுதி வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தத் தொகுப்பு வேலையை மட்டும் செய்ய வேண்டும், விம் கற்க வேண்டும் என்ற ஆர்வம் இல்லை என்றால், நேனோவே உங்களுக்குப் போதும் என்பேன்.


முயல்தீவு (மண்டபம்) எழுதியது:

நேனோ போதும் என்பதை நான் ஏற்கவில்லை. பல ஊர்களின் சொற்களைத் தலைப்புவாரியாகப் பிரித்துக்கொண்டே இருப்பவருக்கு, சேர்த்து வெட்டும் பெரிய ஏ ஒன்றே விம்மைக் கற்பதற்குப் போதுமான காரணம். அது கிடக்கட்டும், மூன்றாவது கேள்வியை இருவரும் தொடாமல் விட்டிருப்பதால் அதற்கு வருகிறேன்.

நண்பர் பின்பாதி வரவில்லை என்றது, விம் தன் ரெஜிஸ்டர்களை எப்படிச் சேமிக்கிறது என்பதோடு தொடர்புடையது. விம் திறந்திருக்கும்வரை ஒரு ரெஜிஸ்டரில் எத்தனை ஆயிரம் வரிகள் வேண்டுமானாலும் இருக்கலாம். விம்மை மூடும்போது, அடுத்த முறைக்காக அவற்றை விம்இன்ஃபோ என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. அப்படி எழுதும்போது, வழக்கமான அமைப்பில், ஒரு ரெஜிஸ்டருக்கு 50 வரிகள்தான். மீன் பெயர்கள் 50க்கு மேல் இருந்திருக்கும். முதல் 50 வந்தன, மற்றவை எழுதப்படவே இல்லை.

தமிழுக்கு இதில் இன்னொரு தடையும் உண்டு. 10 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ரெஜிஸ்டரை விம்இன்ஃபோ அடியோடு விட்டுவிடும். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். நெத்திலி என்று நாம் நான்கு எழுத்தாக எண்ணுவது கோப்பில் ந, எகரக் குறி, த, புள்ளி, த, இகரக் குறி, ல, இகரக் குறி என எட்டுக் குறியீடுகளாகி, 24 பைட் பிடிக்கும். ஆகவே விளக்கங்கள் நீளமாக உள்ள தமிழ்ப் பகுதியை வெட்டிக்கொண்டு விம்மை மூடினால், பாதிகூட வராமல் ஒன்றுமே வராமல் போவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. நகல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

இதற்கு வழி, விம்மை மூடாமல் இருப்பதுதான். முக்காற்புள்ளி, எஸ்பி, பிறகு புதிய கோப்பின் பெயர் என்று கொடுத்தால், அதே விம்முக்குள் திரை இரண்டாகப் பிரிந்து மற்றக் கோப்பும் திறக்கும். ஒரே விம்முக்குள் இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் ரெஜிஸ்டர்கள் பொதுவானவை. அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. தனித்தனி டெர்மினல்களில் இரண்டு விம் திறந்தால் அந்தப் பொதுமை இல்லை. பகுதி மிகப் பெரிதாக இருந்தால் வெட்டவே வேண்டாம்: முக்காற்புள்ளிக்குப் பின் தொடக்க வரி எண், காற்புள்ளி, முடிவு வரி எண், 'டபிள்யூ', புதிய கோப்பின் பெயர் என்று கொடுத்தால் அந்த வரிகள் மட்டும் புதிய கோப்பாக எழுதப்படும். புதிய கோப்பைத் திறந்து சரிபார்த்த பிறகு பழையதிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். நீளமான பகுதிகளுக்கு நான் இந்த முறையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன், ஏனெனில் நீக்குவதற்கு முன்பே பொருள் இன்னோரிடத்தில் இருக்கிறது.

லிப்ரே ஆபிசில் ஒட்டுப்படாததற்குக் காரணம், விம்மின் ரெஜிஸ்டர்கள் விம்முக்கு மட்டும் உரியவை, கணினியின் கிளிப்போர்டு வேறு என்பதே. கூட்டல் குறியைப் பெயராகக் கொண்ட ரெஜிஸ்டர்தான் கிளிப்போர்டுக்குப் போகும் வழி. இரட்டை மேற்கோள், கூட்டல் குறி, ஒய்ஒய் என்று நகலெடுத்தால் லிப்ரே ஆபிசில் கண்ட்ரோல் வி வேலை செய்யும். செய்யவில்லை என்றால், உங்கள் விம் கிளிப்போர்டு வசதி இல்லாமல் தொகுக்கப்பட்டது என்று பொருள். டெபியன், உபுண்டு வகைகளில் விம்-ஜிடிகே3 என்ற பொதியை நிறுவினால் அந்த வசதி வந்துவிடும். லினக்ஸின் எக்ஸ்11 திரையில், நகலெடுத்த நிரலை மூடிவிட்டால் கிளிப்போர்டில் இருந்ததும் போய்விடக்கூடும். உள்ளடக்கம் அந்த நிரலிடமே இருக்கிறது, கேட்கும்போதுதான் கொடுக்கிறது. ஆகவே ஒட்டி முடிக்கும்வரை விம் திறந்தே இருக்கட்டும்.

கிளிப்போர்டு அமைப்பை 'அன்னேம்டுபிளஸ்' என்று வைத்துவிட்டால் கூட்டல் குறியே தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி வைத்தால், விம்மில் நீக்கும் ஒவ்வோர் எழுத்தும் கணினியின் கிளிப்போர்டுக்கே போய், உலாவியிலிருந்து எடுத்து வைத்திருந்ததையும் அழித்துவிடும். விம்முக்குள் மட்டும் இருந்த சோழகத்தின் சிக்கல் கணினி முழுவதற்கும் பரவும்.


நீவாடு (தொண்டி) எழுதியது:

கீழக்கரைக் காக்காவுக்கும், ராமேஸ்வரம், மண்டபம் அண்ணன்மாருக்கும் மிக்க நன்றி. வரியாக வெட்டியது வரியாகவே ஒட்டப்படும் என்ற ஒரு வாக்கியத்திலேயே பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிட்டது. ராமேஸ்வரம் அண்ணன் சொன்ன 'எம்' ஆணையும், மண்டபம் அண்ணன் சொன்ன எழுதிவிட்டுப் பின்னர் நீக்கும் முறையும் கையோடு செய்து பார்த்தேன். இரண்டும் சரியாக நடந்தன.

இன்னும் இரண்டு கேள்விகள். ஊர்ப்பெயர்களைத் திருத்தும்போது, திருத்த வேண்டிய சொல்லை விஷுவல் மோடில் தேர்ந்தெடுத்து அதன்மேல் 'பி' கொடுக்கிறேன். முதலிடத்தில் சரியாக ஒட்டுகிறது. இரண்டாமிடத்தில், முதலிடத்தில் நான் மாற்றிவிட்ட பழைய சொல் வருகிறது. அடுத்தது, திருப்பாலைக்குடியிலிருந்து ஒருவர் கைபேசியில் தட்டச்சு செய்து அனுப்பிய பட்டியலை ஒட்டினேன். அதில் உள்ள கொண்டல் என்ற சொல்லைத் தேடினால் விம் கண்டுபிடிக்க மறுக்கிறது. திரையில் இரண்டு கொண்டலுக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை.


சேதுக்கரையான் (கீழக்கரை) எழுதியது:

முதல் கேள்விக்கு விடை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, தம்பி. தேர்ந்தெடுத்த சொல்லின்மேல் ஒட்டும்போது, அந்தப் பழைய சொல் நீக்கப்படுகிறது. நீக்கப்படுவது எதுவும் வெட்டப்பட்டதே என்பதால், அது பெயரிடாத ரெஜிஸ்டரில் போய் அமர்கிறது. நகலெடுத்து ஒட்டுகிறீர்கள் என்றால், 0ஐச் சொல்லி ஒட்டுங்கள். விம் 9இல் இன்னும் எளிது: தேர்ந்தெடுத்த பிறகு பெரிய 'பி' கொடுத்தால், பழைய சொல் எங்கும் வைக்கப்படாது; எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டே போகலாம்.

இரண்டாவது கேள்வி வெட்டி ஒட்டுவதன் இன்னொரு விதியைச் சேர்ந்தது. ஒட்டும் ஆணை எதையும் திருத்துவதில்லை; வந்த குறியீடுகளை வந்தபடியே வைக்கும். யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். க என்ற குறியீட்டோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு எகரக் குறியையும், அதன்பின் ஆகாரக் குறியான காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் சமமானவை என்றே யூனிகோடு சொல்கிறது. எழுத்துருவும் இரண்டையும் ஒரே மாதிரி காட்டும். ஆனால் தேடல் குறியீடுகளைத்தான் ஒப்பிடும் என்பதால் அவை பொருந்துவதில்லை. அந்த எழுத்தின்மேல் கர்சரை வைத்து 'ஜி8' என்று கொடுங்கள். அதன் பைட்டுகளை விம் வரிசையாகக் காட்டும். ஒரு கொண்டலின் முதலெழுத்தில் 6 பைட்டும், மற்றதில் 9 பைட்டும் இருக்கும். எக்ஸ் கொடுத்தால் இரண்டுமே முழு எழுத்தாகத்தான் நீங்கும், ஏனெனில் விம் வழக்கமாக மெய்யையும் அதன்மேல் ஏறிய குறிகளையும் சேர்த்தே வெட்டும். ஆகவே வெட்டிப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

கொ, கோ, கௌ வரிசையில் உள்ள எல்லா உயிர்மெய்களுக்கும் இது பொருந்தும் என்பதால், சொல் சொல்லாகத் திருத்தாதீர்கள். யூனிகோடைக் கையாளும் ஐசியூ நூலகத்தோடு வரும் யூகான்வ் என்ற சிறு நிரலுக்குள் கோப்பைச் செலுத்தி, என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒகரக் குறி போன்றவற்றை ஒரே குறியீடாக எழுதும் வடிவத்துக்கு, மாற்றச் சொன்னால், எல்லாம் ஒரே குறியீட்டு முறைக்கு வந்துவிடும். டெபியன் வகைகளில் அது ஐசியூ-டெவ்டூல்ஸ் என்ற பொதியில் கிடைக்கிறது. பிறர் அனுப்பும் பட்டியலை முதலில் தனிக் கோப்பில் ஒட்டி, இப்படி மாற்றி, அதன்பிறகே உங்கள் தொகுப்புக்குள் சேர்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்து, இரட்டித்த வரிகளை நீக்க 'சார்ட் யூ' என்ற ஆணையை நீங்கள் நாடக்கூடும். அதை முழுக் கோப்பின்மேல் ஏவாதீர்கள். தலைப்புகளும் வரிசைக்குள் கலந்து, எந்தச் சொல் எந்தத் தலைப்புக்கு உரியது என்பதே தெரியாமல் போய்விடும். காற்று என்ற தலைப்பின்கீழ் உள்ள வரிகளை மட்டும் விஷுவல் மோடில் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஏவுங்கள். அந்த வரிசை யூனிகோடு எண்களின் வரிசையாக இருக்கும். அதில் ன என்பது ந என்பதற்கு அடுத்தே வந்துவிடும், ற என்பது ர என்பதற்கு அடுத்து வரும். அகராதி வரிசை வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்ய வேண்டும். அதுவரை இரட்டித்தவற்றை நீக்குவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.